மொரீஷியஸ், ஃபிஜி: ஒரே கரும்பு, இரண்டு கல்லாப்பெட்டி

மேலமாசிவீதி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் இங்கே மதுரையில் முதுகலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு சிறிய தீவு நாடுகளை எடுத்து, அவற்றின் நிதித்துறை வளர்ந்த கதையை ஒப்பிட்டு ப்ராஜெக்ட் எழுத வேண்டுமாம். எந்தத் தீவு என்பது மாணவர் விருப்பம். வகுப்பில் பாதிப்பேர் சிங்கப்பூர் பக்கம் ஓடிவிட்டார்கள். இவள் மொரீஷியஸையும் ஃபிஜியையும் பிடித்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "ரெண்டு இடத்துலயும் நம்ம ஆளுங்க போய்க் கரும்பு வெட்டியிருக்காங்கப்பா" என்கிறாள்.

துணிக்கடைக் கணக்குக்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் எடுத்து வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்ததில் ஒரு சந்தேகம். 1980 வாக்கில் ஆளுக்கு வருமானம் பார்த்தால் ஃபிஜிதான் மேலே நிற்கிறது. இன்றைக்கு மொரீஷியஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டும் பிரிட்டிஷ்காரன் ஆண்டது, இரண்டும் சர்க்கரை. ஒன்றுக்கு 1968 மார்ச்சில் சுதந்திரம், இன்னொன்றுக்கு 1970 அக்டோபரில். அப்புறம் எங்கே பிரிந்தது? பேங்க் நன்றாக இருந்ததால் நாடு வளர்ந்ததா, நாடு வளர்ந்ததால் பேங்க் வளர்ந்ததா?

திருமங்கலத்தான்:

அண்ணே, முதலில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸ் மொத்தமே 2,040 சதுர கிலோமீட்டர், நம் மதுரை மாவட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஜனம் 12 லட்சம் சொச்சம். ஃபிஜி 18,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆனால் 300க்கும் அதிகமான தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது, ஜனம் 9 லட்சத்தை ஒட்டி. ஒரே தீவில் பத்து கிளை திறப்பதும், படகில் பணப்பெட்டி ஏற்றிப் போய்க் கிளை திறப்பதும் ஒன்றாகுமா? இதில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய கேஷியர்:

தம்பி மேலமாசிவீதி, உங்கள் மகள் நல்ல ஜோடியைப் பிடித்திருக்கிறாள். 34 வருடம் வங்கியில் கவுண்டரிலும் கடன் பிரிவிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஓர் ஊரில் எத்தனை வங்கி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்த ஊரில் சம்பாதித்த பணம் ராத்திரி எந்த ஊரில் போய்ப் படுக்கிறது என்று பாருங்கள்.

1835ல் மொரீஷியஸில் அடிமை முறையை ஒழித்தபோது நஷ்ட ஈட்டை அடிமைகளுக்குக் கொடுக்கவில்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்குக் கொடுத்தார்கள். சுமார் 21 லட்சம் பவுண்டு. அந்தப் பணம் தீவுக்குள் புழங்கிய காலத்தில்தான், 1838ல், மொரீஷியஸ் கமர்ஷியல் பேங்க் தொடங்கியது. இன்றைக்கும் அந்த நாட்டின் முன்னணி வங்கி அதுதான். அடிமை போன இடத்துக்கு ஆள் வேண்டுமே! 1834லிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். முக்கால் நூற்றாண்டில் நாலரை லட்சம் பேர் வரை போயிருக்கிறார்கள். அந்த வங்கியும் நம் கூலி ஜனமும் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் அங்கே போய் இறங்கியவை. சொல்லவே கசக்கிறது, ஆனால் பேரேடு அப்படித்தான் இருக்கிறது.

தோட்ட முதலாளிகள் பெரும்பாலும் பிரெஞ்சு வம்சாவளி. நல்லவர்கள் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவர்கள். லாபம் தலைநகர் போர்ட் லூயி வங்கியிலேயே கிடந்தது.

ஃபிஜிக்கு வாருங்கள். கூலிகள் போனது 1879லிருந்து 1916 வரை, மொத்தம் 60,000 பேர் அளவில். சென்னைத் துறைமுகம் வழியாக நம் ஆட்கள் போனது 1903க்குப் பிறகுதான். அதற்கு முன்பே, 1876ல், ஃபிஜியின் அப்போதைய தலைநகர் லெவூகாவில் பேங்க் ஆஃப் நியூசிலாந்து கிளை திறந்துவிட்டது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள். ஆலைகள் சிஎஸ்ஆர் என்கிற ஆஸ்திரேலியக் கம்பெனியிடம். 1926லிருந்து ஒன்று பாக்கியில்லாமல் எல்லா ஆலையும் அவர்களுடையது. லாபம் சிட்னிக்குப் போகும். 1970ல் டென்னிங் பிரபு என்ற இங்கிலாந்து நீதிபதி கரும்பு விவசாயிகளுக்குச் சாதகமாக விலை ஒப்பந்தத் தீர்ப்புச் சொன்னார். கம்பெனி "எங்களுக்குக் கட்டாது" என்று 1973ல் ஆலைகளை அரசாங்கத்திடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டது. தொண்ணூறு வருடம் கரும்பு ஆட்டியும் அந்த லாபத்தில் வளர்ந்த உள்ளூர் முதலாளிக் கூட்டம் என்று ஒன்று அங்கே உருவாகவில்லை. குஜராத்தி வியாபாரிகளிடம் கடை இருந்தது, கடையில் பணமும் இருந்தது. ஆலைப் பணம் வேறு.

1975ல் ஐரோப்பாவுடன் லோமே ஒப்பந்தம். உலகச் சந்தையைவிட நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறேன் என்றது ஐரோப்பா. மொரீஷியஸுக்கு 5 லட்சம் டன் அளவில் ஒதுக்கீடு, ஃபிஜிக்கு 1.65 லட்சம் டன். அந்தக் கூடுதல் காசு மொரீஷியஸில் எங்கே போனது தெரியுமா? பனியன், சட்டை தைக்கும் தொழிற்சாலைகளுக்கு. 1970லேயே ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஹாங்காங்காரர்கள் வந்தார்கள்தான், ஆனால் மூலதனத்தில் பாதி அளவுக்கு உள்ளூர்ப் பணம். தோட்டக்காரன் வங்கியில் போட்ட பணத்தை அதே வங்கி தையல் ஆலைக்குக் கடனாகக் கொடுத்தது. வங்கித் தொழில் என்றால் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

உசிலம்பட்டி மாப்ள:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும், விடுங்கள்.

ஃபிஜி நிலம் பற்றி யாரும் சொல்லவில்லையே? 80 சதவீதத்துக்கும் மேலான நிலம் பூர்வகுடி மக்களின் குலங்களுக்குச் சொந்தம். விற்க முடியாது. குத்தகைக்கு மட்டும்தான் விடலாம், அதுவும் ஒரு வாரியம் வழியாக. நம் இந்திய வம்சாவளிக் கரும்பு விவசாயிகள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள்தான். 1976 சட்டப்படி 30 வருடக் குத்தகை. பழைய குத்தகைகள் 1997லிருந்து ஒவ்வொன்றாக முடிந்தன, நிறையக் குடும்பங்கள் மூட்டை கட்டின.

இது நமக்குப் புரியாத விஷயமா? கோயில் நிலத்தில் நாலு தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவன் பேங்குக்குப் போய் ஹவுசிங் லோன் கேட்டுப் பார்க்கட்டும். "பட்டா எங்கே?" என்பார்கள். குத்தகையில் இன்னும் அஞ்சு வருடம்தான் பாக்கி என்றால் எந்த மேனேஜர் அதை ஈடாக எடுப்பார்? அங்கேயும் குத்தகையை அடமானம் வைக்க வாரியத்தின் சம்மதம் வேண்டும். பேங்கில் பணம் நிரம்பி வழிந்தாலும் கடன் வெளியே வராது.

அதற்காகப் பூர்வகுடிகள்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் பறிபோகாமல் காத்தது அந்த ஏற்பாடுதான். மற்ற தீவுகளில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

பழைய கேஷியர்:

மாப்ள, கடன் பிரிவில் உட்கார வேண்டிய ஆள் நீங்கள். நான் எழுத விட்டது இதுதான்.

வகுப்பறை47:

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். (அந்தப் பெண் என் மாணவி இல்லை, தைரியமாகச் சொல்லலாம்.) ப்ராஜெக்டில் எங்கே கால் வழுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நிதி வளர்ச்சிக்கு வழக்கமாக எடுக்கும் அளவுகோல், தனியாருக்கு வங்கிகள் கொடுத்த கடன் நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பது. கூடவே மொத்தப் பண அளவு. இந்த இரண்டையும் மொரீஷியஸுக்கு 1970லிருந்து இன்றுவரை ஒரே கோடாக வரைந்தால் கோடு நம்மை ஏமாற்றும். அங்கே 1989லிருந்து உள்ளூர் வங்கி வேறு, வெளிநாட்டவருக்கான கடல்கடந்த வங்கி வேறு என்று தனித்தனி உரிமம் இருந்தது. 2004 வங்கிச் சட்டம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் வங்கித்துறை எண்களில் போர்ட் லூயி மளிகைக்கடைக்காரருக்குக் கொடுத்த கடன் எது, எங்கோ ஒரு நாட்டில் முதலீடு செய்யும் கம்பெனியின் கணக்கு எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். கவனிக்காமல் "மொரீஷியஸின் நிதி ஆழம் அபாரம்" என்று எழுதினால், வைவாவில் நான் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

ஃபிஜிக் கோட்டில் வேறு மாதிரிப் பள்ளங்கள். 1987 மே, அதே வருடம் செப்டம்பர், 2000 மே, 2006 டிசம்பர்: நான்கு முறை ஆட்சிக் கவிழ்ப்பு. 1987ல் நாணய மதிப்பை இரண்டு தடவை குறைத்தார்கள், இரண்டும் சேர்ந்து 33 சதவீதம். 1998ல் 20, 2009 ஏப்ரலில் இன்னொரு 20. அந்த 2009ல் அரசமைப்புச் சட்டத்தை ரத்து செய்த கையோடு ரிசர்வ் வங்கியின் ஆளுநரையும் நீக்கினார்கள். மதிப்புக் குறைப்பு அதற்கடுத்த சில நாட்களில் வந்தது. சேமிப்பை ஃபிஜி டாலரில் வைத்திருந்தவர் என்ன நினைத்திருப்பார்? 1987க்குப் பிறகு இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா போய்விட்டார்கள். 1986 கணக்கெடுப்பில் ஜனத்தொகையில் கிட்டத்தட்ட பாதி அவர்கள், 2007ல் 37 சதவீதம் சொச்சம். கணக்காளர், வக்கீல், ஆசிரியர் போகும்போது கூடவே போகும் பணத்துக்கு எந்த அட்டவணையிலும் பத்தி கிடையாது.

அதே 1987ஐ ஒட்டித்தான் மொரீஷியஸின் தலா வருமானம் ஃபிஜியைத் தாண்டுகிறது. அரசியலில் இன்னொரு ஜோடி பாருங்கள். 1982ல் மொரீஷியஸ் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி முக்கியத் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. ஆண்டவர்கள் இறங்கினார்கள், புதியவர்கள் ஏறினார்கள், இடதுசாரியான புதிய நிதி அமைச்சர், முந்தைய அரசு பன்னாட்டு நிதியத்துடன் (ஐஎம்எஃப்) போட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்தார். 1987 ஏப்ரலில் ஃபிஜியிலும் ஆண்ட கட்சி தோற்றது. ஒரு மாதத்தில் பட்டாளம் நாடாளுமன்றத்துக்குள் வந்தது.

திருமங்கலத்தான்:

சரி, அளவு மட்டும் காரணமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொரீஷியஸுக்கு இவ்வளவு பாராட்டு தேவையா? நம் நாட்டோடு 1982ல் போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்கள் நிதி மையம் என்று மார்தட்ட முடியுமா? இந்தியப் பங்கை விற்று வந்த லாபத்துக்கு இங்கே வரி இல்லை, அங்கேயும் இல்லை. இந்தியாவுக்கு வந்த அன்னிய நேரடி முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் குட்டித் தீவு வழியாக வந்ததாக நம் அரசுக் கணக்கே சொன்னது. அது மொரீஷியஸ்காரன் உழைத்த காசா? நம் காசே அங்கே போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. 2016ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளின் லாபத்துக்கு இங்கே வரி உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு பாருங்கள், அவர்கள் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பிவிட்டார்கள்.

பழைய கேஷியர்:

பாதி சரி. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். ஒப்பந்தம் 1982ல். அப்போது நம் பங்குச் சந்தைக் கதவு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குத் திறக்கவே இல்லை. அது 1992ல். கடல்கடந்த வணிகத்துக்கு மொரீஷியஸ் தனிச் சட்டம் போட்டதும் 1992லேதான். அதற்குள் அங்கே எழுபதுகளில் தலைவிரித்தாடிய வேலையில்லாத் திண்டாட்டம் தையல் ஆலைகளால் தீர்ந்துவிட்டது. பங்குச் சந்தை 1989ல், வெறும் ஐந்து கம்பெனிகளோடு. வரி ஒப்பந்தம் என்பது கட்டிய வீட்டின்மேல் எழுப்பிய மாடி. அஸ்திவாரம் கரும்பும் சட்டையும்.

மாடியில் எத்தனை அறை காலி என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வில்லாபுரம் டு போர்ட்லூயி:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் வில்லாபுரத்துக்காரன், ஒன்பது வருடமாக இங்கே மொரீஷியஸில் கணினி வேலை. எபேன் என்ற ஊரில் என் அலுவலகக் கட்டடத்திலேயே, நீங்கள் பேசும் அந்த வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிகளை நடத்திக் கொடுக்கும் நிர்வாக நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே வரவேற்பறை, ஒரே முகவரி, பல கம்பெனிகளின் பெயர். வேலை பார்ப்பவர்கள் உண்மையான ஆட்கள்தான்: கணக்காளர், சட்டம் படித்தவர், தணிக்கை செய்பவர். பாட்டன் கரும்பு வெட்டினார், பேத்தி கம்பெனிச் செயலர். திருமங்கலத்து அண்ணன் சொல்வதுபோல் அது பொய்ப்பணமாகவே இருக்கட்டும், அந்தப் பெண்ணின் சம்பளம் மெய்.

இங்கே வந்த முதல் வாரம் நூறு ரூபாய்த் தாளைக் கையில் வாங்கியதும் அசந்துபோனேன். தமிழ் எழுத்து! படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளி அரசியல்வாதி. 1998ல் புதுத் தாள் அச்சிட்டபோது தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அந்தத் தாள்களை மத்திய வங்கி திரும்பப் பெற்று வேறு அச்சிட்டது. தமிழில் பேச ஆள் குறைவு, பெரும்பாலோருக்குப் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். ஆனால் ரூபாய்த் தாளில் வரிசை மாறினால் விடமாட்டார்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு, காவடி பார்க்க நம் திருப்பரங்குன்றம் மாதிரியே இருக்கும்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 2015 ஏப்ரலில் பிரேமர் வங்கியின் உரிமத்தை ரத்து செய்தார்கள், அதோடு பிஏஐ என்ற பெரிய காப்பீட்டுக் குழுமமே சரிந்தது. வங்கி வட்டியைவிட அதிகம் தருகிறோம் என்று விற்ற பாலிசியில் ஓய்வுபெற்றவர்கள் பணத்தைக் கொட்டியிருந்தார்கள். என் வீட்டுக்கார அம்மாவும் அதில் ஒருவர், இன்னமும் அதைப் பற்றிப் பேசினால் குரல் மாறிவிடும். 2020 பிப்ரவரியில் சர்வதேசப் பணச்சலவைக் கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது கட்டுப்பாட்டில் குறையுள்ள நாடுகளின் பட்டியலில், நாடு சேர்ந்தது, 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தது.

உசிலம்பட்டி மாப்ள:

அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஓய்வுப் பணத்தைக் கொட்டுவதா? அந்தப் பாடத்துக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை ணே, மதுரையிலேயே வருடா வருடம் நடத்துகிறார்கள்.

அரசரடி அக்கா:

எல்லோரும் சேர்ந்து ஃபிஜியை மூலையில் உட்கார வைத்துவிட்டீர்கள். என் தங்கை பதினோரு வருடமாக ஃபிஜியில் நாடி என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அவள் சொன்னதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

அங்கே 1966லிருந்து தேசிய வைப்பு நிதி இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர், முதலாளி இருவரும் கட்ட வேண்டும். நாட்டின் மிகப் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று அதுதான். வீடு, படிப்பு, வைத்தியம் என்று அதிலிருந்து எடுக்கிறார்கள். வங்கிக் கடன் விகிதத்தை மட்டும் பார்க்கிற அட்டவணையில் இது எங்கே வரும், வகுப்பறை சார்? அதிலும் குளறுபடி உண்டு. ஒரு காலத்தில் சேர்ந்த தொகையில் வருடத்துக்கு 25 சதவீதம் பென்ஷனாகக் கொடுத்தார்களாம். எந்த நிதி தாங்கும்? 2012ல் 8.7க்கு இறக்கினார்கள்.

அரசுக்குச் சொந்தமான நேஷனல் பேங்க் ஆஃப் ஃபிஜி தொண்ணூறுகளின் நடுவில் மூழ்கியது பெரிய அடிதான். வாராக்கடன் 22 கோடி ஃபிஜி டாலர் அளவில், நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம் போல. முதல் கவிழ்ப்புக்குப் பிறகு வேண்டியவர்களுக்கெல்லாம் கடன் அள்ளிக் கொடுத்தது. இருந்தாலும் நாடு அதைக் கட்டி முடித்தது. 2010லேயே கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி வந்துவிட்டது. கிளை இல்லாத வெளித்தீவில் இருக்கும் அம்மாவுக்குப் பிள்ளை பணம் அனுப்புகிறான். திருமங்கலத்துத் தம்பி சொன்ன படகுப் பெட்டிக்கு அதுதான் பதில். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் 2022ல் வருடத்துக்கு நூறு கோடி ஃபிஜி டாலரைத் தாண்டியது. சார் சொன்ன அந்த ஓடிப்போன கணக்காளர்களும், பட்டாளத்தில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளும், ரக்பி விளையாடப் போனவர்களும் அனுப்புவதுதான்.

வகுப்பறை47:

அக்கா, வைப்பு நிதி பற்றிய கேள்வி நியாயம். வங்கிக் கணக்கு அட்டவணையில் அது வராது, தனியாக ஒரு வரிசை போட வேண்டும். அப்படிப் போட்டால் ஃபிஜி மக்கள் சேமிக்கவில்லை என்ற வாதம் விழுந்துவிடும். சேமிப்பு இருந்தது, அது கடனாகித் தொழிலுக்குப் போகும் வழிதான் குறுகல். பெரும்பகுதி அரசுப் பத்திரங்களுக்கும் சில தோற்றுப்போன கடற்கரை விடுதித் திட்டங்களுக்கும் போனது. உசிலம்பட்டி நண்பர் சொன்ன நிலப் பிரச்சினை இங்கே வந்து ஒட்டுகிறது.

பேங்க் முதலா, வளர்ச்சி முதலா என்று மேலமாசிவீதி கேட்டதற்கு எனக்குப் பிடித்த பதில்: இரு நாட்டிலும் அரசு வளர்ச்சி வங்கி இருந்தது, மொரீஷியஸில் 1964, ஃபிஜியில் 1967. நம் பேங்க் ஆஃப் பரோடாவின் கிளையும் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே இரண்டிலும் இருக்கிறது. நிறுவனங்களின் பட்டியலை மட்டும் வைத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எனவே, பேங்க் இருந்ததே காரணம் என்று எழுத முடியாது.

திருமங்கலத்தான்:

அப்போ எழுத வேண்டியது நிலத்தைப் பற்றியா, பட்டாளத்தைப் பற்றியா, பேங்கைப் பற்றியா?

பழைய கேஷியர்:

ஈடு பற்றி. விவசாயியிடம் வங்கி நிலத்தை ஈடாகக் கேட்கிறது. வங்கியிடம் சேமிப்பவன் "நாளைக்கும் இதே மதிப்பு இருக்குமா" என்று கேட்கிறானே, அதுவும் ஓர் ஈடுதான். ஃபிஜியில் முதலாவது குத்தகையோடு தீர்ந்தது, இரண்டாவதை 1987ல் உடைத்தார்கள். மொரீஷியஸும் 1979லும் 1981லும் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததுதான், ஆனால் அதைச் சட்டப்படி அமைந்த அரசு செய்தது, பிறகு எழுந்தும் நின்றது. 1994ல் அன்னியச் செலாவணிக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஃபிஜியில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தும் பணம் வெளியே ஓடாத நாடு ஒன்று, பூட்டியும் ஓடுமோ என்று பயப்படும் நாடு ஒன்று.

மேலமாசிவீதி:

மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறிப்பெடுத்துவிட்டாள். 1970லிருந்து 2004 வரை மட்டும் எடுத்துக்கொள்கிறாளாம், உரிமம் மாறிய வருடத்தோடு நிறுத்திவிடலாம் என்கிறாள். வைப்பு நிதிக்குத் தனி வரிசை. வரி ஒப்பந்தத்துக்கு ஒரே ஒரு பக்கம், திருமங்கலத்துத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். குத்தகை அத்தியாயம்தான் பெரிதாக இருக்கும் போலிருக்கிறது, மாப்ளைக்கு நன்றி.

கேஷியர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா? அட்டவணையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வருகிறோம்.

பழைய கேஷியர்:

வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல். கண்ணாடியை மாற்றக் கொடுத்திருக்கிறேன், அட்டவணையைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லுங்கள்.